எட்டு மணி நேரம் காதுல இருக்கணும், காசும் கையக் கடிக்கக் கூடாது: ஹெட்போன் கேள்வி பதில்

போன இதழ்ல காத முழுசா மூடுற பெரிய ஹெட்போன் பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதி வெச்சேன், அதுக்கு வந்து குமிஞ்ச கேள்விங்களப் பாத்துட்டு இந்தவாட்டி பக்கம் முழுசும் அதுக்கே விட்டாச்சு. விலைய டாலர்ல சொல்றேன், கோவிச்சுக்காதீங்க, நம்ம பர்மாக் காசு கியாட்ல எழுதுனா பத்திரிகை அச்சாகி உங்க கைக்கு வர்றதுக்குள்ள கணக்கு மாறிடுது. அதுவும் வெளிநாட்டுல விக்கிற சுமார் விலைதான், இங்க வந்து சேர்றப்ப மேல ஏறுறது தனி.

கேள்வி (ரங்கூன் வாசகி): அண்ணே, நான் வீட்டுல இருந்தே ஆடியோ கேட்டு டைப் பண்ற வேலை பாக்குறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காதுல மாட்டியிருக்கணும். இப்ப வெச்சிருக்கதுல ரெண்டு மணி நேரத்துலயே காது மடல் சுட்டு வலிக்குது, நான் கண்ணாடி போடுறவ, அதோட கம்பி வேற நெத்திப்பொட்டுல குத்துது. கரண்டு போனா கீழ்க்கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டுடுவார், அப்புறம் ஒண்ணுமே கேக்காது. வேலை முடிஞ்சா பாட்டும் கேப்பேன். 70 டாலருக்குள்ள என்ன வாங்கலாம்? ப்ளூடூத்தா, வயரா?

பதில்: தங்கச்சி, முதல்ல இப்ப உங்க கிட்ட இருக்கறது காது மேல உக்காருறதா, காத சுத்தி உக்காருறதான்னு பாருங்க. நீங்க சொல்ற வலியப் பாத்தா மேல உக்காருற ரகம்னுதான் தோணுது. படத்துல பாக்குறப்ப ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சோனி டபிள்யூஎச் சிஎச்520ன்னு ஒண்ணு எல்லாக் கடையிலயும் தொங்குது, 147 கிராம்தான், பேட்டரி 50 மணி நேரம் நிக்கும், நல்ல சாமான்தான், ஆனா அது காது மடல அமுக்கிக்கிட்டு மேல உக்காருறது, எட்டு மணி நேரத்துக்கு ஆகாது. குஷனுக்கு நடுவுல இருக்க ஓட்டைக்குள்ள உங்க மடல் முழுசா போய் உக்காரணும், எந்தப் பக்கமும் மடிய கூடாது. அதோட ஆழமும் வேணும், இத யாரும் சொல்றதில்ல. ஓட்டை பெருசா இருந்து ஆழம் இல்லேன்னா காது நுனி உள்ள இருக்க ஸ்பீக்கர் துணியில ஒரசிக்கிட்டே இருக்கும், முதல் அரை மணி நேரம் தெரியாது, மதியத்துக்கு மேல ஊசி குத்துற மாதிரி ஆகிடும்.

அடுத்து எடை. 250 கிராமுக்குள்ள இருந்தா நல்லது, 300 தாண்டுனா உச்சந்தலை சொல்லிடும். அதுக்கப்புறம் அமுக்கம், அதாவது ரெண்டு பக்கமும் தலைய எவ்வளவு இறுக்கிப் புடிக்குதுங்கறது. இது கண்ணாடி போடுறவங்களுக்குத்தான் பெரிய வினை, ஏன்னா குஷனுக்கும் மண்டைக்கும் நடுவுல அந்தக் கம்பி மாட்டிக்குது, இறுக்கமா இருந்தா வலி, லூசா இருந்தா கம்பி பக்கத்துல சந்து விழுந்து பேஸ், அதான் கனமான அடிச்சத்தம், வெளிய ஓடிடும். தவில்ல வார் தளர்ந்தா சத்தம் செத்துப் போற மாதிரி பாட்டே சப்புன்னு ஆகிடும், நாம ஹெட்போன் மட்டம்னு திட்டிக்கிட்டு இருப்போம். கெட்டி குஷன விட உள்ள மெத்துனு பஞ்சு இருக்க குஷன்ல கம்பி அமுங்கிக்கும், சந்தும் கம்மி. முடிஞ்சா வேலை நேரத்துக்குன்னு மெல்லிசு கம்பி வெச்ச கண்ணாடி ஒண்ணு வெச்சுக்குங்க, அது ஹெட்போன மாத்துறத விட சல்லிசு.

இப்ப ஜெனரேட்டர். வெளிச்சத்தத்த குறைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பின்பக்கம் மூடுன ஹெட்போன் போட்டு சும்மா அடைச்சுக்கறது. இன்னொண்ணு நாய்ஸ் கேன்சலிங், அதுல வெளிய இருக்க சின்ன மைக் சத்தத்தப் புடிச்சு அதுக்கு நேர் எதிரான அலைய உள்ள விடும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிடும். ஒரே மாதிரி ஓடுற கனமான சத்தத்துக்கு அது நல்லா வேலை செய்யும், ஜெனரேட்டரோட அந்த உறுமல், ஃபேன், ஒய்பிஎஸ் டவுன் பஸ் இஞ்சின் எல்லாம் பாதிக்கு மேல காணாம போயிடும். ஆனா பக்கத்து வீட்டு அக்கா போன்ல பேசுறது, ஹாரன், குழந்தை அழறது இதெல்லாம் அதுக்கு அடங்காது, இத தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. அப்படி வாங்குறதுன்னா சோனி டபிள்யூஎச் சிஎச்720என் இருக்கு, காத சுத்தி உக்காரும், 192 கிராம், நாய்ஸ் கேன்சலிங் போட்டே 35 மணி நேரம் ஓடும், 2023ல வந்தப்ப கம்பெனி போட்ட விலை 150 டாலர், தள்ளுபடியில 100 பக்கம் வரும். உங்க கணக்குக்கு எட்டாது. அந்தக் கணக்குக்குள்ள வர்றது ஆங்கர் சவுண்ட்கோர் க்யூ20, எடிஃபயர் டபிள்யூ820என்பி மாதிரி, ரெண்டும் பரவால்ல, க்யூ20ல பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கும், பேச்சு கேட்டு டைப் பண்றப்ப அது எழுத்துங்கள மூடிக்கும், போன்ல சத்தத்த தனித்தனியா ஏத்தி இறக்குற ஈக்வலைசர்ல பேஸ குறைச்சுக்கலாம்.

ஆனா நான் உங்களுக்கு வயர்தான் சொல்வேன். கரண்டு முறை வெச்சு வர்ற ஊர்ல போன், லேப்டாப், பவர் பேங்க், லைட்டுன்னு சார்ஜ் போட ஏற்கனவே வரிசை நிக்குது, அதுல ஹெட்போனும் ஒண்ணா? அதோட நம்ம சூட்டுல ப்ளூடூத் சாமான் பேட்டரி சில வருஷத்துல தளர்ந்து போகும், மாத்தித் தர ஆள் கிடைக்கறது கஷ்டம், ஸ்பீக்கர் நல்லா இருந்தும் மொத்தமா தூக்கிப் போட வேண்டியதுதான். வயர் ஹெட்போன்ல அந்தத் தொல்லை இல்ல, குஷனும் வயரும் மாத்துனா பத்து வருஷம் ஓடுறதெல்லாம் சாதாரணம், ஸ்டுடியோக்காரங்க பாதி பேர் அப்படித்தான் வெச்சிருக்காங்க.

அதனால என் முடிவு, ஆடியோ டெக்னிகா ஏடிஎச் எம்20எக்ஸ், 50 டாலர் பக்கம், மூடுன ரகம், 190 கிராம்தான், மின்தடை 47 ஓம்தான், அதனால போன்லயே நல்லா சத்தம் வரும். பேச்சு தெளிவா கேக்கும், பாட்டும் அலட்டல் இல்லாம நிதானமா பாடும். குறை என்னன்னா அதோட கூட வர்ற குஷன் ஆழம் கம்மி, உங்க காது நுனி ஒரசும்னு எனக்கு இப்பவே தெரியுது. அதனால மிச்சம் இருக்க 15, 20 டாலர்ல அதுக்குப் பொருந்துற தடிமனான குஷன் ஒரு ஜோடி சேத்து வாங்கிடுங்க, எம் வரிசைக்குன்னே பல கம்பெனி போடுறாங்க. வெல்வெட் துணி குஷன் போட்டா வேர்வை கம்மி, ஆனா பேஸ் கொஞ்சம் குறையும், ஜெனரேட்டர் சத்தமும் கொஞ்சம் கூடவே உள்ள வரும். உங்களுக்கு ஜெனரேட்டர்தான் பெரிய எதிரிங்கறதால தோல் மாதிரி இருக்க மெத்து குஷனே போடுங்க, சித்திரை வெயில்ல மட்டும் மணிக்கு ஒருக்கா கழட்டி காத்தாட விடுங்க. இதோட வயர் கழட்டுற மாதிரி இல்ல, நாற்காலி சக்கரம் ஏறாம பாத்துக்கணும்.

ஒண்ணு விட்டுட்டேன், உங்க போன்ல ரவுண்டு ஓட்டை இல்லேன்னா டைப் சி அடாப்டர் வேணும். அதுல ரெண்டு ரகம் இருக்கு, உள்ள ஆடியோ சிப் இருக்கறது, வெறும் கம்பி மட்டும் இருக்கறது. வெறும் கம்பி ரகம் நிறைய போன்ல பேசவே பேசாது. கடையில உங்க போன்லயே குத்தி பாட்டு ஓடுதான்னு பாத்துட்டு காசு குடுங்க.

கேள்வி (மாண்டலே வாசகர்): ஐயா, கடையில 50 மில்லிமீட்டர் ஸ்பீக்கர், 9டி சவுண்டுன்னு எல்லாம் எழுதியிருக்கு. விலை கூடுனாத்தான் சத்தம் நல்லா இருக்கும்னு கடைக்காரர் சொல்றார். உண்மையா?

பதில்: 9டின்னு எழுதியிருந்தா அந்த டப்பாவ அப்படியே கீழ வெச்சுடுங்க. ஸ்பீக்கர் அளவு பெருசுங்கறதால மட்டும் ஒண்ணும் கிடையாது, 40 மில்லிமீட்டர்ல பிரமாதமா பாடுறதும் இருக்கு, 50ல குடத்துக்குள்ள இருந்து பேசுறதும் இருக்கு. 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ்னு, அதாவது அடிச்சத்தத்துல இருந்து கூர்மையான சத்தம் வரைக்கும் பாடும்னு போட்டிருக்கறதும் அப்படித்தான், எல்லாரும் போடுவாங்க, நடுவுல எங்க மேடு எங்க பள்ளம்னு அது சொல்லாது.

விலை விஷயத்துக்கு வந்தா, ஜெரோன் ப்ரீபார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போனோட அளவுகள எடுத்து அதோட விலையும் சத்தத்தோட அமைப்பும் ஒத்துப் போகுதான்னு பாத்து 2017ல கட்டுரை வெளியிட்டார். ஒத்துப் போகல. விலை ஏறுறதுக்கு ஏத்த மாதிரி சத்தத்தோட சமநிலை ஏறவே இல்ல. அதுக்காக 5 டாலர் சாமானும் 100 டாலர் சாமானும் ஒண்ணுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, கூட குடுக்குற காசு நிறைய நேரம் உழைப்புக்கும், மடிப்பு கீலுக்கும், பேருக்கும் போகுதுன்னு வெச்சுக்குங்க. நல்ல வயர் ஹெட்போன் 50ல இருந்து 100 டாலருக்குள்ளயே கிடைச்சிடும், அதுக்கு மேல போறது ஆசைக்கு.

கடையில கேட்டுப் பாக்குறப்ப அவங்க போடுற டமால் டுமீல் பாட்ட கேக்காதீங்க, அது எதுல போட்டாலும் நல்லாதான் இருக்கும். உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச கச்சேரி ஒண்ணு போன்ல வெச்சுக்கிட்டுப் போங்க. மிருதங்கத்துல தொப்பி, அதாவது கனமா ஒலிக்கிற இடது பக்கம், குமுக்குன்னு வந்து நிக்கணும், பின்னாடியே ரீங்காரம் இழுத்துக்கிட்டு கெடக்கக் கூடாது. வலது பக்கம், வலந்தலையில அடிக்கிற சாபு கணீர்னு இருக்கணும், காதக் கீறக் கூடாது. பாடுறவங்க ச, ஸ வர்ற எடத்துல உஸ்ஸுன்னு சீறுனா அது உயர் சத்தம் கூடிப் போன ஹெட்போன், ஒரு பாட்டுக்குத் தாங்கும், ஒரு ராத்திரிக்குத் தாங்காது. பின்னணியில தம்புரா இருக்கறது தெரியுதான்னு கேளுங்க. தலையில மாட்டி பத்து நிமிஷமாவது கடையிலயே நில்லுங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும்.

கேள்வி (மோல்மேன் வாசகர்): நான் ராத்திரி பதினோரு மணிக்கு மேல அமைதியா பழைய பாட்டு கேக்குறவன். வெளிச்சத்தம் பிரச்சினை இல்ல, மழை பெஞ்சாத்தான் தகரத்துல சத்தம். காசு கம்மியா, ஆனா பாட்டு தலைக்குள்ள அடைஞ்சு கெடக்காம விரிஞ்சு கேக்கணும்.

பதில்: உங்களுக்கு பின்பக்கம் திறந்த ரகம்தான் சரி. மூடுன ஹெட்போன்ல சத்தம் கிண்ணத்துக்குள்ளயே முட்டிக்கிட்டு திரும்பும், திறந்ததுல பின்னாடி போயிடும், அதனால பாட்டு காதுக்கு வெளிய நடக்குற மாதிரி இருக்கும், காத்தோட்டமும் இருக்கறதால வேர்க்கறதும் கம்மி. பிலிப்ஸ் எஸ்எச்பி9500 தேடிப் பாருங்க, 32 ஓம், 60, 70 டாலர் ஆகும், கிண்ணம் பெருசு, அமுக்கம் லேசு, துணி குஷன், மாட்டுனதே மறந்து போகும். குஷன் மாத்துறதுக்குன்னு செஞ்சதில்ல, அது ஒண்ணுதான் எனக்குப் புடிக்கல. அவ்வளவு முடியாதுன்னா தைவான் கம்பெனி சூப்பர்லக்ஸ் எச்டி681, பாதி திறந்தது, 30 டாலருக்குள்ள, அந்த விலைக்கு அது குடுக்குற சத்தம் அநியாயம். மேல் ஸ்தாயி மட்டும் கூர்மையா இருக்கும், ஈக்வலைசர்ல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கி விடுங்க, பழைய ரெக்கார்டோட கரகரப்பும் அதோட சேந்து அடங்கும். நடுவுல ஒண்ணுன்னா ஏகேஜி கே240 ஸ்டுடியோ, அதுவும் பாதி திறந்தது, 55 ஓம், 240 கிராம், வயர் கழட்டலாம், குஷன் எங்க வேணாலும் கிடைக்கும். என் ஓட்டு இதுக்குத்தான்.

வீட்டுக்காரம்மா பக்கத்துல தூங்குறாங்கன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க, திறந்த ஹெட்போன்ல நீங்க கேக்குற பாட்டு அவங்களுக்கும் கேக்கும்.

கேள்வி (தட்டோன் வாசகர்): கோயில்ல பிள்ளைங்களுக்கு தேவாரம் சொல்லிக் குடுத்து போன்ல ரெக்கார்டு பண்றோம். ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கிட்டு ஹார்மோனியம் டிராக்குக்கு மேல பாடுனா தாளம் தள்ளிப் போகுது. போன் கோளாறா?

பதில்: போன் மேல பழி போடாதீங்க. ப்ளூடூத்ல சத்தத்த சுருக்கி அனுப்பி அந்தப் பக்கம் விரிச்சு காதுக்கு குடுக்கறதுக்குள்ள நேரம் ஆகுது, சாதாரணமா ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் போகும். பாட்டு கேக்க அது தெரியாது, படம் பாக்குறப்ப பிளேயரே சரி பண்ணிக்கும், ஆனா கூடவே பாடுறப்ப பிள்ள கேக்குறதே பிந்தித்தான் கேக்குது, அப்புறம் எப்படி தாளத்துல நிக்கும். எல்டிஏசி இருக்கு, ஏபிடிஎக்ஸ் இருக்குன்னு கடைக்காரர் சொன்னா, அதெல்லாம் அப்படி சுருக்கி அனுப்புற முறைங்கதான், எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரைக்கும் அனுப்புறதால தரம் கூடும், ஆனா தாமதத்துக்கு அது மருந்து இல்ல. வயர் போடுங்க, முடிஞ்சது. அதுவும் மூடுன ரகமா போடுங்க, திறந்ததா இருந்தா டிராக் சத்தம் கசிஞ்சு மைக்ல ஏறிடும். சோனி எம்டிஆர் 7506 இதுக்குன்னே பொறந்தது, 1991ல இருந்து இன்னும் அதே மாதிரி விக்குது, 100 டாலர் பக்கம். அதே விலையில சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ வெளிச்சத்தத்த நல்லா அடைக்கும், ஆனா இறுக்கம் அதிகம், சின்னப் பிள்ளைங்க பத்து நிமிஷத்துல கழட்டி வீசிடும். காசு பத்தலேன்னா மேல சொன்ன எம்20எக்ஸே இங்கயும் போதும்.

7506 வாங்குறப்ப போலி நிறைய சுத்துது, கவனமா இருங்க. பாதி விலைக்கு புதுசு குடுத்தா அது போலிதான், அதுல ஆராய ஒண்ணும் இல்ல. எழுத்து அச்சு மங்கலா, சுருள் வயர் தொளதொளன்னு, கையில தூக்குனா லேசா இருந்தா வேணாம்னு வந்துடுங்க.

கேள்வி (பெகு வாசகி): குஷன் எல்லாம் கறுப்பு கறுப்பா உரிஞ்சு கன்னத்துல ஒட்டுது, வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு. வேற வாங்கிடலாமா?

பதில்: வேணாம்மா. அது நிஜத் தோல் இல்ல, துணி மேல பாலியூரித்தேன் பூசுனது, ஈரமும் வேர்வையும் சூடும் சேந்தா அந்தப் பூச்சு உடைஞ்சு செதில் செதிலா உரியும், ஆறு மாசம் மழை பெய்யுற ஊர்ல ரெண்டு வருஷம் தாங்குனதே மரியாதை. குஷன் மட்டும் மாத்துங்க, ஓட்டையோட நீள அகலத்த ஸ்கேல் வெச்சு அளந்து மாடல் பேரோட கேளுங்க. தடிமன் பழசு மாதிரியே இருந்தாத்தான் சத்தம் பழசு மாதிரி இருக்கும், புதுசு தடிமனா இருந்தா ஸ்பீக்கர் காத விட்டு தள்ளிப் போயிடும். மாத்துனதுக்கு அப்புறம் தினம் கழட்டுறப்ப உலர்ந்த துணியால ஒரு தொடை தொடச்சு ஆற விட்டு, காஞ்சதும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணோட டப்பாவுல போட்டு வைங்க. ஈரத்தோட மூடி வெச்சா பூஞ்சைதான் பூக்கும். ஸ்பிரிட்டு, சென்ட்டு எதுவும் போட்டுத் தொடைக்காதீங்க, இன்னும் சீக்கிரம் உரியும். தண்ணித் திருவிழா அன்னிக்கு தெருவுல மாட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

கேள்வி (ரங்கூன் வாசகர்): பேரன் பன்னெண்டு வயசு, நாள் பூரா ஹெட்போன். கூப்பிட்டா கேக்கறதே இல்ல. காது போயிடுமா?

பதில்: கூப்பிட்டு கேக்காதது ஹெட்போனாலயா வயசாலயான்னு எனக்கு சந்தேகம் ஐயா. ஆனா பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரம் 40 மணி நேரம் வரைக்கும்னு கணக்கு சொல்லுது, பிள்ளைங்களுக்கு 75 டெசிபல். சத்தம் 3 டெசிபல் ஏறுனா கேக்கலாம்னு இருக்க நேரம் பாதியாகிடும், 90 டெசிபல்னா பெரியவங்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போன் செட்டிங்க்ஸ்ல அதிகபட்ச சத்தத்துக்கு வரம்பு வெக்கிற வசதி நிறைய போன்ல இருக்கு, அத வெச்சு பின் நம்பர் போட்டுடுங்க. அதோட, வெளிய ஜெனரேட்டர் ஓடுறப்ப அத அமுக்குறதுக்காகத்தான் சத்தத்த ஏத்துறாங்க, அதனால பையனுக்கு வாங்குனா நல்லா மூடுறதா வாங்குங்க, தானாவே குறைச்சு வெப்பான். காதுல கொய்ங்குன்னு சத்தம் கேக்குதுன்னு சொன்னா காது டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க, எனக்கு எழுதிப் போட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்காதீங்க.

கேள்வி (பேர் போடல): பச்ச சிவப்பு லைட் எரியுற கேமிங் ஹெட்செட் 40 டாலர். வாங்கலாமா?

பதில்: அதுல இருக்க மைக் உங்களுக்கு தினமும் வேணும்னா வாங்குங்க. பாட்டுக்குன்னா அந்தக் காசுல பாதி லைட்டுக்குப் போகுது, காதுல மாட்டுனதுக்கு அப்புறம் அது உங்க கண்ணுக்குத் தெரியவும் போறதில்ல.